சத்தம் பின்னால் வரும்

கல்லறைத் திருநாளன்று விடியும்போதே வீட்டில் மண்ணெண்ணெய் வாசம் அடித்தது.

அமலோற்பவம் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யார் வீட்டிலோ அடுப்புப் பற்றவைக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் படுத்தாள். அப்புறம்தான் உறைத்தது. இந்தத் தெருவில் யார் வீட்டில் மண்ணெண்ணெய் இருக்கிறது? ரேஷனில் ஊற்றுவதை நிறுத்தி எத்தனையோ வருஷமாகிறது. அவள் வீட்டு மண்ணெண்ணெய் டின்னில்கூட இப்போது கனகாம்பரம்தான் பூத்துக்கொண்டிருக்கிறது. எழுந்து உட்கார்ந்தாள். மூக்கில் நுழைந்து நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொள்கிற வாசம். ஆனால் அடுப்பங்கரை வாசம் மாதிரி புகை கலந்ததில்லை, வெயிலில் கிடந்த இரும்பைத் தொட்டுவிட்டு வந்ததுபோல ஒரு சூடு அதில் இருந்தது. அடுப்படியில் போய் நின்று பார்த்தாள், இல்லை. தையல் மிஷின்மேல் குனிந்தாள், அது வேறு எண்ணெய். நடுவீட்டைத் தாண்டி, எட்டு மாதமாக யாரும் படுக்காத கயிற்றுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் கண் எரிந்தது.

கட்டிலுக்கு அடியில் நைனாவின் டிரங்குப் பெட்டி.

நைனா, அவள் அப்பா ஆரோக்கியநாதன், போன தவக்காலத்தில் இறந்தார். தொண்ணூறு வயசு. அறுபது வருஷத்துக்கு மேல் கோயில் கல்லறைத் தோட்டத்துக்குக் காவல் இருந்தவர். கட்டிக்கொடுத்த இடத்தில் சரிப்படாமல் முப்பது வருஷத்துக்கு முன்னால் திரும்பி வந்து, செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கும் அமலோற்பவத்துக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே ஆள் அவர்தான். அவர் போன பிறகு அந்தப் பெட்டியைத் திறக்க அவளுக்கு மனசு வரவில்லை. இன்றைக்கு இழுத்தாள். கனத்தது. பூட்டு இல்லை.

உள்ளே மெழுகுவத்தித் துண்டுகள். நூற்றுக்கணக்கில். விரல் நீளம், பாதி விரல் நீளம், சில முக்கால்வாசி எரியாதவை. பழைய செய்தித்தாளில் வரிசையாகக் கிடத்தி, மேலே இன்னொரு தாள், அதன்மேல் இன்னொரு வரிசை. ஒன்றைக்கூட அவர் வீட்டில் ஏற்றவில்லை, யாருக்கும் கொடுக்கவில்லை. எல்லாத் திரியின் நுனியும் விரலால் நசுக்கி அணைத்தது போல ஒரே மாதிரி கறுத்துச் சப்பையாக இருந்தது. அடியில் ஒரு இரும்பு விளக்கு, கெண்டி மாதிரி மூக்கு நீண்டது, துருப்பிடித்தது. எடுத்துக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு இல்லை. மூக்கருகே கொண்டுபோனாள். துரு வாசம் மட்டும்தான்.

மண்ணெண்ணெய் வாசம் பெட்டியிலிருந்து வரவில்லை. எங்கிருந்தும் வரவில்லை. அது வீட்டுக்குள் சும்மா நின்றுகொண்டிருந்தது.

வத்தித் துண்டுகளைப் பார்த்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போ ஊரார் சொன்னது பொய்யில்லை.

வருஷா வருஷம் நடந்ததுதான். கல்லறைத் திருநாள் சாயங்காலம் சாமியார் தீர்த்தம் தெளித்து, சனங்கள் அவரவர் கல்லறையில் வத்தி ஏற்றி, அழுது, சுண்டல் தின்று வீட்டுக்குப் போவார்கள். எல்லோரும் போனதும் ஆரோக்கியநாதன் வடக்கு வரிசைக் கல்லறைகளில் எரிகிற வத்திகளை மட்டும் ஒவ்வொன்றாக அணைத்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். தெற்கு வரிசையைத் தொடமாட்டார். 'வத்தித் திருடன்' என்று பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அமலோற்பவத்துக்கே அந்தப் பெயர் ஒட்டியது.

நேற்று கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கும்போது மாதா சங்கத்து ஸ்டெல்லா கேட்டாள். "அமலக்கா, தப்பா எடுத்துக்காத. இந்த வருஷமாவது எங்க மாமியாருக்கு வத்தி விடியமுட்டும் எரியும் இல்ல?"

"எரியாம இன்னா? மேலருந்து எறங்கி வந்தா ஊதப்போறாரு?" என்றாள் பக்கத்தில் இருந்த ஷோபனா.

"அவரு எங்க மேல போனாரு? செத்தவங்க வெளிச்சத்த எடுத்தவருக்குப் போற எடத்துல இருட்டுதான்."

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, களைப்பில் வருகிற சிரிப்புதான். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. இராத்திரி கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் கேட்டாள். நைனா பேரைச் சொல்லவில்லை. ஒருத்தர் ஒரு பொருளை எடுத்துவிட்டுச் செத்துப்போனால் என்ன ஆகும் சாமி என்றாள். எடுத்ததை எடுத்த இடத்தில் பிள்ளைகள் வைத்துவிட்டால், உத்தரிக்கிற ஸ்தலத்தில் பாவக்கடன் கழியக் காத்திருக்கிற ஆன்மாவுக்கு இளைப்பாற்றி கிடைக்கும் என்றார் அவர்.

இதோ, எடுத்தது அத்தனையும் இருக்கிறது. எடுத்த இடமும் இருக்கிறது.

ஒரு கட்டைப்பையில் துண்டுகளை அள்ளிப் போட்டாள். அந்தக் கெண்டி விளக்கையும் துணியில் சுற்றி வைத்தாள். அது எதற்கு என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு ஏழெட்டு வயசு இருக்கும்போது நைனா சொல்லியிருக்கிறார்.

கல்லறைத் தோட்டம் இருக்கிற இடத்துக்கு ஏரோட்ரம் என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய சண்டையின்போது பட்டாளத்துக்காரர்கள் போட்ட சிமெண்டுத் தளம். சண்டை முடிந்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். மறுவருஷம் ஒரு சின்னக் கூட்டம் மட்டும் திரும்பி வந்தது, ஒரே ஒரு பிளேனோடு. புதுசாகச் செய்து பார்க்கிற பிளேன். சாயங்காலம் இருட்டினால் அது இறங்குவதற்குத் தளத்தின் இரண்டு பக்கமும் விளக்கு வைக்கவேண்டும். அந்த வேலை அவர் அப்பனுக்கு. கூடவே பன்னிரண்டு வயசு ஆரோக்கியநாதனும்.

"கெண்டி மாதிரி மூக்க நீட்டிக்கினு இருக்கும் விளக்கு. மூக்குல திரி. ரெண்டு வரிசையும் எரிஞ்சாத்தான் நடுவுல எறங்குவான்," என்பார்.

"பிளேன் எப்படி நைனா இருக்கும்?"

"மூக்குல காத்தாடி இல்லாத பிளேன். ஊளை உட்டுக்கினே போவும். ஆனா சத்தம் கூடவே வராது. பிளேன் நம்ம தலைக்கு மேல தாண்டிப் போயிடும். ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணுவோம். அப்பறந்தான் ஊளை கேக்கும். சத்தம் பின்னால வரும் அமலு."

அவள் கைதட்டிச் சிரிப்பாள். "அப்பறம் அந்த பிளேன் எங்க போச்சு?"

அந்தக் கேள்விக்கு மட்டும் அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

கடைசியாக ஆஸ்பத்திரியில், ஜுரம் மண்டைக்கு ஏறி, ஆள் தெரியாமல் கிடந்தபோதுதான் ஏதேதோ சொன்னார். "எங்கம்மா கல்லறைக்குத்தான் எடுத்தேன்... ஊருல ஒரு சொட்டு மண்ணெண்ணெ கிடையாது... ஒரு வரிசைய வெச்சுக்கினு எந்தப் பக்கம் எறங்குவான்?" அப்புறம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தொண்ணூறு வயசுக் கையில் அவ்வளவு பலம். "வத்திய அணை அமலு."

திருடியது மனசை உறுத்துகிறது, பாவம், என்றுதான் அவள் நினைத்தாள்.

*

வல்லம் போகிற ரோட்டை விட்டு உள்ளே நடந்தால் ஏரோட்ரம். பழைய தளத்தில் பாதியைப் பெயர்த்து உழுது கொல்லையாக்கிவிட்டார்கள். மிச்சம் இருக்கிற நீளத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தால் ஜெபமாலையில் பாதி முடியும். சுற்றிலும் பாறை, கடப்பாரை இறங்காது. பட்டாளத்துக்காரன் மண் கொட்டி நிரப்பிய தளத்தின் இரண்டு ஓரம்தான் குழி வெட்டத் தோது. அதனால் கல்லறைகளும் அப்படியே இரண்டு வரிசையாக, தளத்துக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று நீண்டுவிட்டன. நடுவில் சிமெண்டுத் தளத்தில் ஊரார் மல்லாட்டை காயப்போடுவார்கள். வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர்.

தெற்கு வரிசை புதுசு. வெளியூரில் சம்பாதிக்கிற பிள்ளைகள் கண்ணாடிக் குடுவையில் வருகிற பெரிய வத்தியாக வாங்கி வைத்திருந்தார்கள். விடிய விடிய எரியும். வடக்கு வரிசை பழசு. பாதிக் கல்லறைகளுக்கு ஆள் கிடையாது. சென்னைக்கும் பெங்களூருக்கும் போனவர்கள் திரும்பவில்லை. வத்தி வைத்த சிலரும் சின்னது வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், அதில் பல காற்றில் அணைந்துவிட்டன. வரிசையின் கிழக்குக் கோடியில், கடைசியாக, நைனாவின் மண்மேடு. வருஷம் திரும்பாமல் சிமெண்டு பூசக்கூடாது என்று அப்படியே விட்டிருந்தாள். அந்த இடம் அவரே கேட்டு வாங்கியது.

ஆறரைக்கெல்லாம் கூட்டம் கலைந்தது. அமாவாசைக்கு மறுநாள்; வானத்தில் நட்சத்திரங்கள் மட்டும். மேற்கே ராஜகிரி மட்டும் இருட்டைவிடக் கறுப்பாக நின்றது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு மேற்குக் கோடிக்கு வந்தாள். அங்கே சுருட்டிவைத்த தார்ப்பாய்மேல் ரசூல் பாய் உட்கார்ந்திருந்தார். மல்லாட்டை வியாபாரம். எழுபது வயசு.

"இன்னா அமலும்மா, எல்லாரும் போயாச்சு, நீ மட்டும் மூட்டையோட நிக்கிற?"

"நைனா வேலை ஒண்ணு பாக்கி இருக்குது பாய்."

"அவரு வேலைன்னா அணைக்கிற வேலையாச்சே!"

"நான் ஏத்த வந்துருக்கேன்."

"ஏத்து, ஏத்து. மல்லாட்டைய மட்டும் மிதிச்சிடாத. கூலி ஆளுங்க மலையனூர் அமாவாசைக்குப் போனவங்க போனவங்கதான். வாரி மூட ஆளில்ல. இன்னிக்கு மொதலாளியும் நானே, நாயும் நானே."

அவள் சிரித்தாள். தளம் முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, மல்லாட்டை பரப்பிக் கிடந்தது. துணியிலிருந்து நழுவி வெளியே தெரிந்த கெண்டி விளக்கை ரசூல் பாய் பார்த்துவிட்டார்.

"அடடே, இது இன்னும் இருக்குதா? எங்க அத்தா சொல்லுவாரு. அவரு அப்போ இங்க கூலிக்குக் கல்லு ஒடைச்சவரு. ஒருநாளு அந்தக் காத்தாடி இல்லாத பிளேன் மேல போயிருக்குது. மழை கட்டிக்கினு இருட்டிடுச்சு. விளக்க ஏத்தறாங்க. கொஞ்ச நேரத்துல ஒரு வரிசை மட்டும் அணைஞ்சி போச்சாம். விளக்குல எண்ணெ இல்ல."

அவள் பையின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள். "எந்த வரிசை?"

"அது யாருக்குத் தெரியும்? மேலயே சுத்திக்கினு கெடந்துதாம். ஊளை மட்டும் சுத்திச் சுத்திக் கேக்குது. அப்பறம் டக்குனு நின்னுடுச்சு. மூணு நாளு தேடியிருக்காங்க. மலை, ஏரி, காடு, ஒண்ணு விடல. ஒரு ஆணி கெடைக்கல. விழுந்தா விழுந்த சத்தம் கேக்கணும் இல்ல? அதுவும் இல்ல." பாய் பல் தெரியச் சிரித்தார். "அதுக்கு எங்க அத்தா சொல்லுவாரு, அந்தப் பிளேனுக்கு சத்தம் பின்னாலதான் வரும், இன்னும் வந்து சேரலன்னு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து தொண்டையில் இருந்த வாசம் இப்போது இங்கேயும் இருந்தது. "பாய், மண்ணெண்ணெ வாசம் வருதா?"

"இந்தக் காலத்துல மண்ணெண்ணெக்கு எங்க போறது?" என்றார் அவர்.

*

முதல் பத்துக் கல்லறைகள் ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு துண்டை நிறுத்தினாள், தீக்குச்சி கிழித்தாள், பெயர் படிக்க முடிந்தால் பெயரைச் சொல்லி, முடியாவிட்டால் 'இங்க இருக்கறவங்களுக்கு' என்று சொல்லி நித்திய இளைப்பாற்றி கேட்டாள். ஒவ்வொன்று எரியும்போதும் அவள் தோளிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. நைனா எங்கேயோ ஒரு இருட்டில் நிற்கிறார், அவர் பக்கத்தில் ஒரு அடி வெளிச்சமாகிறது, இன்னொரு அடி வெளிச்சமாகிறது என்று நினைத்துக்கொண்டாள். யாரும் இல்லாத கல்லறைகளுக்கு நல்ல நீளமாகப் பார்த்து வைத்தாள். எத்தனை காலத்துக்குப் பிறகு வெளிச்சம் பார்க்கிறார்களோ, பாவம்.

முக்கால் வரிசை வந்தபோது வல்லம் ரோட்டில் கரண்ட் போனது. தெருவிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒரே மூச்சில் அணைந்தன. தூரத்தில் மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸின் ஹாரன் அடித்தது, நின்றது. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன, அவை கத்திக்கொண்டிருந்தன என்பதே அவை நிறுத்திய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. இரண்டு பக்கமும் சுடர்கள் மட்டும். காற்று இல்லை. ஒரு சுடரும் அசையவில்லை. ஜன்னல் சாத்திய அறைக்குள் எரிவது போல, திறந்த வெளியில், அத்தனை சுடரும் நேராக நின்றன.

அடுத்த கல்லறை. தீக்குச்சியைக் கிழித்தாள். தீ வந்தது. அப்புறம் 'சரக்' என்று குச்சி உரசிய சத்தம் வந்தது.

கையில் குச்சியோடு அப்படியே நின்றாள்.

தன் காதில்தான் ஏதோ கோளாறு. நாளெல்லாம் மிஷின் சத்தம், வயசு வேறு. வத்தியை ஏற்றிவிட்டு நகர்ந்தாள். ஆறு எட்டு வைத்து நின்றாள். அவள் நின்ற பிறகு செருப்புச் சத்தம் இன்னும் இரண்டு எட்டு நடந்து வந்து நின்றது.

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. அவளுடைய செருப்புத்தான். அவளுடைய நடைதான்.

இருமிப் பார்த்தாள். நெஞ்சு குலுங்கியது. வாய் மூடியது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு இருமல், யாரோ பின்னால் நின்று இருமுவது போல.

ஓடிவிடலாம். ரோடு பக்கத்தில்தான். ஆனால் இன்னும் பத்துக் கல்லறைதான் பாக்கி. பாதியில் விட்டுப் போனால் நைனாவும் பாதி இருட்டில் நிற்பார். நாளைக்கு ஸ்டெல்லா வந்து பார்ப்பாள். ஆரோக்கியநாதன் மகளும் பாதிதான் கொடுத்தாள் என்பாள். மங்கள வார்த்தை ஜெபத்தை ஆரம்பித்தாள். உதடு முந்தியது. குரல் பிந்தியது. 'அருள் நிறைந்த' என்று அவள் காதில் விழுந்தபோது உதடு 'ஆமென்' சொல்லிவிட்டிருந்தது. ஜெபிப்பதை நிறுத்தினாள்.

ஒன்பது. எட்டு.

குச்சியின் சத்தம் இப்போது அடுத்த கல்லறைக்குப் போன பிறகுதான் வந்தது.

ஐந்து. நான்கு. வாசம் கண்ணைக் கரித்தது. சூடு. பின்கழுத்தில் சூடு.

நைனாவின் மண்மேடு. பையில் இருந்த எல்லாவற்றிலும் நீளமான துண்டை இதற்கென்று எடுத்து வைத்திருந்தாள். அவர் தொட்டு வேலை செய்த பொருள், பக்கத்தில் இருக்கட்டும் என்று அந்தக் கெண்டி விளக்கைச் சிலுவையின் அடியில் வைத்தாள். தலை நிமிர்ந்தாள். மேற்குக் கோடியில், சுடர் வரிசை இரண்டும் குறுகித் தெரிகிற இடத்தில், ரசூல் பாய் எழுந்து நின்றிருந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். ஏதோ சொல்கிறார் என்று அந்த ஆட்டத்திலேயே தெரிந்தது. சத்தம் ஒன்றும் வரவில்லை. போய்வருகிறேன் என்கிறார் போலிருக்கிறது. அவளும் கையைத் தூக்கி ஆட்டினாள்.

குனிந்து கடைசி வத்தியை ஏற்றினாள்.

"நைனா, எல்லாத்தையும் வெச்சிட்டேன்," என்றாள். "நிம்மதியா இரு."

அவள் குரல் வருவதற்குமுன் பாயின் குரல் வந்து சேர்ந்தது.

"ஏத்தாத அமலும்மா! ஏத்தாத! மேல பாரு! ரெண்டு பக்கமும் எரியுது, மேல பாரு!"

பார்த்தாள். மேற்கே ராஜகிரிக்கு மேல் இருந்த நட்சத்திரங்களில் நாலைந்து இல்லை. பக்கத்தில் இருந்ததும் இல்லாமல் போனது. அதற்குப் பக்கத்தில் இருந்ததும். ஏதோ ஒன்று அவற்றை மறைத்துக்கொண்டு கீழே, கீழே வந்தது.

ரெண்டு வரிசையும் எரிஞ்சாத்தான் நடுவுல எறங்குவான்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. வடக்கு வரிசை. எண்ணெய் இல்லாத விளக்குகள். அம்மா கல்லறைக்காக ஒரு பையன் ஒவ்வொன்றிலிருந்தும் வடித்து எடுத்தது. அவர் திருடியது வத்தியை இல்லை. மேலே சுற்றிக்கொண்டிருக்கிறவன் இறங்கிவிடக் கூடாதென்று, அறுபது வருஷம், திருடன் என்ற பெயரோடு, ஒரு வரிசையை இருட்டாக வைத்திருந்தார்.

கையால் அடித்து நைனாவின் வத்தியை அணைத்தாள். பக்கத்து வத்தியை மிதித்தாள். அதற்குள் மேற்குக் கோடியில் முதல் ஜோடிச் சுடர் தரையோடு படுத்தது.

அதற்கடுத்த ஜோடி. அதற்கடுத்தது. வடக்கும் தெற்கும் ஒன்றாக, தலைவணங்குவது போல. ரசூல் பாய் தார்ப்பாயை இழுத்துத் தலைமேல் மூடிக்கொண்டு சுருண்டுவிட்டார். தளத்தின் நடுவே மல்லாட்டை இரண்டு கோடாக நசுங்கியது. அகலமான கோடுகள். ஓடு நொறுங்கிப் பொடியாகி இரண்டு பக்கமும் தெறித்தது. சத்தமே இல்லை. கோடுகள் அவளை நோக்கி நீண்டன. வேகமாக. மெதுவாக. இன்னும் மெதுவாக.

நின்றன.

அவளுக்கும் அந்தக் கோடுகளின் முனைக்கும் நடுவே இருபதடி. அங்கே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து சூடு அடித்தது.

பிறகு மல்லாட்டையில் ஒரு குழி விழுந்தது. பூட்ஸ் அளவு. அதற்கு முன்னால் இன்னொன்று. இடது. வலது. அவசரமில்லாமல். எழுபத்தெட்டு வருஷம் காத்திருந்தவனுக்கு என்ன அவசரம்? தளம் முடிந்து மண் தொடங்கியது. நேற்று அவள் புல் செதுக்கி விட்ட ஈரமண். குதிகாலில் லாடம் அடித்த பூட்ஸ் தடம், ஆணி ஆணியாக, தெளிவாகப் பதிந்தது. அவளைத் தாண்டிப் போனது. அவளை அதற்கு வேண்டாம்.

சிலுவையின் அடியில் நின்றது.

கெண்டி விளக்கு தரையை விட்டு எழும்பியது. ஒரு ஆள் இடுப்பளவு உயரத்தில் நின்றது. மெல்லக் கவிழ்ந்தது, மூக்குக் கீழே பார்க்க. எவ்வளவோ நேரம் அப்படியே இருந்தது. ஒரு சொட்டு விழவில்லை.

விளக்கு கீழே விழுந்தது. சத்தமில்லாமல்.

மண்மேடு அசைந்தது.

வேண்டாம் என்று அவள் கத்தினாள். அவளுக்கே கேட்கவில்லை. மேட்டின் உச்சியில் மண் பிளந்து சரிய, ஓரத்தில் ஒரு தடம் பதிந்தது. வெறுங்கால். சின்னது. ஐந்து விரலும் அகலமாக விரிந்த, செருப்பே போட்டறியாத பன்னிரண்டு வயசுப் பையன் கால். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பூட்ஸ் தடம் திரும்பியது, தளத்தைப் பார்க்க. சின்னக் கால்கள் கூடவே மூன்று எட்டு வைத்தன.

நான்காவது எட்டில் நின்றுவிட்டன. குதிகால் ஆழமாக ஊன்றியது. அப்புறம் தடம் இல்லை. பூட்ஸுக்குப் பின்னால் ஈரமண்ணில் இரண்டு கோடுகள்தான், இழுபடுகிற குதிகால்களின் கோடுகள். மண் முடிந்து மல்லாட்டைக்குள் போயின. சக்கரக் கோடுகள் நின்ற இடம்வரை போயின. அங்கே முடிந்தன.

அவள் முழங்கால் போட்டு விழுந்திருந்தாள். இழுத்துக்கொண்டு போகும்போது பிள்ளை கத்தாமலா இருந்திருக்கும்? யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கும்? ஒன்றும் கேட்கவில்லையே என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நெஞ்சில் ஆறுதல் வந்தது.

உடனே நினைவுக்கு வந்தது.

இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். பயனில்லை. மேற்கே, ராஜகிரிக்கும் அப்பால், அது கிளம்பிவிட்டது. முதலில் ஊளை. பிறகு சக்கரம் தரையைத் தொட்டது. பிறகு மல்லாட்டை, தளம் நெடுக, நொறுங்கிக்கொண்டே வந்தது. நடந்தது நடந்த வரிசையிலேயே, ஒன்றுகூட விடாமல், அவளை நோக்கி வந்தது. பூட்ஸ். இடது. வலது. ஈரமண்ணில் அமுங்கி நின்றது. கெண்டி விளக்கு கல்லில் பட்டு உருண்டது. மண் சரிந்தது. வெறுங்கால் மூன்று எட்டு நடந்தது.

நின்றது.

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள், கத்துவதற்கு.